அணைக்குள்ள ஏதுங்க தூசி?

அந்தப் பித்தளைச் சல்லடை சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இரண்டு இருந்தன. ஒரு படகு என்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரில், அடிப்பக்கமாக எதிரெதிரே இரண்டு துளைகள். அந்தத் துளைகளை மூடியபடி இந்த இரண்டு சல்லடைகள். எண்ணெயும் கரியும் படிந்து, ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். நான் அழுக்கு என்றுதான் பார்த்தேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோர் அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் மதுக்கரையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் நான் வழக்கமாக எடுத்துவிடும் கதைகளில் படகுக் கதையும் ஒன்று. பதினைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதற்கு நல்ல மெருகு ஏறியிருக்கிறது. அதில் ஒரு புத்திசாலி என்ஜினியர் வருவார். ஒரு சின்னச் சல்லடையைப் பார்த்த மாத்திரத்தில் பெரிய ஆபத்தை உணர்ந்து, படகு நிறைய ஆட்களைக் காப்பாற்றுவார். அந்த என்ஜினியர் யார் என்று நான் சொல்வதில்லை. அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரிப்பேன், கேட்பவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அன்றும் சிரித்து முடித்துத் திரும்பினால், பின்னால் பாயச டம்ளரோடு ஸ்டோர் அக்கா நிற்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பார்வை மட்டும் அதே பார்வை.

"நல்லா சொல்றீங்க தம்பி," என்றார். "கேக்கறப்பவே பகீர்ங்குது."

அவ்வளவுதான். திருத்தவில்லை, கேலி செய்யவில்லை. என் மனைவியிடம் போய்ப் பேரன் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் அங்கேயே நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அப்படிச் செய்யாததால் நானே உட்கார்ந்து கிழிக்க வேண்டியிருக்கிறது.

அப்போது நான் சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் என்ஜினியர். பம்பு, மோட்டார், டீசல் என்ஜின், பழைய கார், எது வந்தாலும் பிரித்துப் பூட்டுவோம். கடலே இல்லாத ஊரில் படகு எப்படி வந்தது என்றால், முதலாளியின் சகலை வழியாக வந்தது. அவர் பொள்ளாச்சிக்குத் தெற்கே மலையடிவாரத்து அணை ஒன்றில் படகுச் சவாரி நடத்தும் குத்தகையை எடுத்திருந்தார். காலால் மிதிக்கும் படகுகள் பத்துப் பன்னிரண்டு. அவற்றுக்கு நடுவே ராஜா மாதிரி ஒரே ஒரு விசைப்படகு. வெளியே தொங்கும் என்ஜின் இல்லை. படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதன்மேல் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மூடியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்ததால் சவாரிக்கு வரும் குழந்தைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். சூடாக, மெத்தென்று, நடுங்கிக்கொண்டே இருக்கும் இருக்கை வேறு எங்கே கிடைக்கும்?

அந்த என்ஜின் நடு அணையில் இருமி இருமி நிற்க ஆரம்பித்தது. சகலை போன் செய்தார். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்றைக்கு இந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் கட்டுச்சோற்றோடு தண்ணீர் இருக்கும் இடம் தேடிக் கிளம்பிவிடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் அவர் குத்தகையே எடுத்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் படகு என்ஜினைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. "அதுக்கென்னங்க, பாத்துரலாம்," என்றேன். எங்கள் ஊரில் என்ஜின் சம்பந்தமாக யார் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வரும் பதில் அதுதான். யோசனை பிறகு வரும். சில சமயம் வராது.

என்ஜினோடு வந்த கையேட்டைச் சகலை அன்றே பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். பிளாஸ்டிக் உறையில், எலி கடிக்காமல், ஆங்கிலத்தில். எதையும் படித்துவிடும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விட்டதில்லை. அந்தக் கையேட்டையும் அன்று ராத்திரிக்குள் முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை படித்து, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அணைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பிளக் வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், அதையாவது சொல்லிக்கொள்கிறேன். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணையும் துருவையும் காற்றடித்து ஊதிவிட்டுத்தான் கழற்றினேன். ஒயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் கட்டினேன். கழற்றிய பிளக்குகளை அதே வரிசையில் ஒரு பலகைமேல் நிறுத்தினேன். முதல் இரண்டும் பிஸ்கட் நிறத்தில் ஆரோக்கியமாக இருந்தன. மூன்றாவது கன்னங்கரேல். நான்காவதில் பச்சை பூத்திருந்தது. கோளாறு பிளக்கில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கும் டப்பாதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், உள்ளே ஈரம். மின்சாரத்தை விட்டு விட்டுத் தட்டும் பாயிண்ட் அரித்துப் போயிருந்தது. கீழ் உடம்பே ஒரு பக்கம் வெடிப்பு விட்டிருந்தது.

அதே டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவேண்டும். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் 'கிடைக்காது' என்பதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். அளவெடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினால், ஸ்டோரில் ஒரு கார் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. தண்டின் கனம் மட்டும் ஒரு நூல் குறைவு. லேத்தில் புஷ் என்னும் இடைவளையம் ஒன்றைக் கடைந்து போட்டால் சரியாக உட்கார்ந்துவிடும். சாயங்காலமே அணைக்குத் திரும்பி மாட்டினேன், உட்கார்ந்தது. புதுப் பிளக்குகளை இடைவெளி பார்த்து, முதலில் கையாலேயே முடுக்கி, பிறகு ஸ்பேனரால் இறுக்கி, சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. படகு ஓட்டுபவர் கைதட்டினார். "கடல்காரன் செஞ்ச என்ஜினுக்கு நம்மூரு சாமானுங்க!" என்று நான் வசனம் வேறு பேசினேன். பெட்டியை மூடும்போது லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. பெட்ரோல் என்ஜினில் பெட்ரோல் வாடைதானே வரும் என்று மூடிவிட்டேன்.

இனி ஸ்டோர் அக்காவைப் பற்றி. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய சாமானைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுச் சாமான் கணக்குத் தீரும். வெளிவேலை என்றால் முதலில் புதுசை எடுத்துப் போகலாம். மறுநாள் காலை பழசு கவுண்டருக்கு வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இல்லையென்றால் புதுசு அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டோருக்குத் திரும்பிவிட வேண்டும். எங்கள் பிளக்குகள் மெக்கானிக்குகளின் சொந்தக்காரர்கள் வைத்திருந்த மொபெட்டுகளுக்குக் குடிபோய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த முதலாளி போட்ட சட்டம் இது. அக்கா அதை நடத்துபவர். பீளமேட்டில் மில் மூடியபோது வேலை போய் எங்களிடம் வந்தவர். எந்த என்ஜினையும் அவர் கையால் தொட்டதில்லை. ஆனால் கவுண்டரில் செய்தித்தாளை விரித்து, பழசைப் புதுசின் பக்கத்தில் வைத்து, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி மேலும் கீழும் பார்ப்பார். மெக்கானிக்குகளுக்கு அது எரிச்சல். எனக்கும்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஒர்க்‌ஷாப்பில் பாதி நாள் வேலை. நான் பழசையெல்லாம் கொண்டுபோய்ச் செய்தித்தாளில் கொட்டினேன். பிளக் நாலு, மூடி, ரோட்டார், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் வந்ததும் அக்கா நிறுத்தினார். நான் எடுத்துப்போனதைப் போலவே இன்னொன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழசைத் தலைகீழாகத் திருப்பினார். நகத்தால் சுரண்டினார்.

"ஏனுங்க தம்பி, இதுல ரெண்டு சல்லட இருக்குதுங்க. நம்மளுதுல வெறும் ஓட்டைதான் இருக்குது."

"அது தூசி உள்ள போகாம இருக்கறதுக்குங்க்கா."

"அணைக்குள்ள ஏதுங்க தூசி?"

நான் சிரித்தேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று படித்தவர்களிடம் தயாராக இருக்கும். சிரித்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ஜின் ஓடுகிற நேரம் முழுக்கப் பொறி பறந்துகொண்டே இருக்கும், அதனால் உள்ளே சூடும் ஆவியும் சேரும், அது வெளியே போகத்தான் ஓட்டை, அந்த ஓட்டையில் சல்லடை எதற்கென்றால்... அங்கே வாய் நின்றுவிட்டது. உள்ளே ஒன்றும் போகாமல் இருக்க அல்ல. உள்ளேயிருந்து ஒன்றும் வெளியே வராமல் இருக்க.

காரில் பெட்ரோல் கசிந்தால் ஆவி ரோட்டோடு போய்விடும். படகுக்கு அடியில் ஓட்டை கிடையாது. இருந்தால் அது படகு இல்லை. காற்றைவிடக் கனமான அந்த ஆவி என்ஜினுக்குக் கீழே குழியில் படுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பறக்கும் பொறி உள்ளே புகுந்த ஆவியைப் பற்றவைத்தால், அந்தத் தீ வெளியே எட்டிப் பார்க்காமல் தடுப்பது பித்தளைச் சல்லடை. நான் அந்தச் சல்லடை இல்லாத டப்பாவை மாட்டிவிட்டு, ஒரே இழுப்பு என்று மார்தட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பெட்ரோல் வாடையையும் சேர்த்துத்தான் பெட்டியை மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

கல்யாண வீடுகளில் நான் சொல்லும் கதையில் என்ஜினியர் இந்த இடத்தில் வண்டியை நோக்கி ஓடுவார். உண்மையில் நான் ஓடவில்லை. "பாக்கலாங்க்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். கால் மணி நேரம். நேற்று ஓடியது, இன்றைக்கும் ஓடும். சகலைக்கு இன்று முக்கியமான நாள். திங்கட்கிழமை போய் மெல்ல மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. கைதட்டியவர் முகம் வேறு வந்து வந்து போனது. இத்தனையையும் நான் பதறாமல், நியாயமாக, நன்றாகவே யோசித்தேன். நான் யோசித்ததிலேயே மிக மோசமானதை மிகத் தெளிவாக யோசித்த கால் மணி நேரம் அது.

அக்கா ஸ்டோரைப் பூட்டிவிட்டு டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. அந்தச் சல்லட என்னத்துக்குங்க?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். கேட்டு முடித்தவர், "பொறவு இங்க டீ குடிச்சுட்டு நின்னுட்டு இருக்கறீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

முதலாளியிடம் போனோம். நான் "தியரிப்படி பாத்தா" என்று ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்திவிட்டார். "ஏப்பா, நேத்துதான் ஒரே இழுப்புன்னு சொன்னே. ராத்திரிக்குள்ள தியரி மாறிப்போச்சா? இந்த டப்பாவ மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள எத்தன காரு ஓடுது. எது வெடிச்சுது? சகலைகிட்ட நான் என்னன்னு சொல்றது?" சகலைக்கு அவரே போன் போட்டார். "கூட்டம் நிக்குதுங்க, அப்பறம் பேசறனுங்க," என்று அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். படகு ஓட்டுபவருக்கு அடித்தோம். அவர் போனைத் தண்ணீருக்குப் பயந்து கரையில் சோற்றுத் தூக்குப் போசிக்குள் வைத்துவிட்டுப் போகும் ஆள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," என்றார். "பழசும் புதுசும் ஒத்துப்போகலீங்க. ஒத்துப்போகலீன்னா சாயங்காலத்துக்குள்ள புதுசு ஸ்டோருக்கு வந்துரோணும். நீங்க போட்ட சட்டந்தானுங்க. இத்தன வருசத்துல ஒருத்தருக்கும் நான் தளர்த்துனதில்லீங்க. உங்க சகலைக்குத் தளர்த்தோணும்னா நீங்களே பலகையில எழுதி ஒட்டிப்போடுங்க. நாளையிலிருந்து எல்லாருக்கும் தளர்த்திப்போடறேன்."

படகு வெடிக்குமா என்பதில் முதலாளிக்குச் சந்தேகம் இருந்தது. நாளையிலிருந்து பிளக்குகள் எங்கே போகும் என்பதில் சந்தேகமே இல்லை. வேன் சாவியை மேஜைமேல் வைத்தார். "சகலைகிட்ட நான் என்னம்மா சொல்ல?" என்றார் மறுபடி.

"ஸ்டோர்ல கேட்டாங்கன்னு சொல்லுங்க."

நான் கிளம்பினேன். அக்காவும் ஏறி உட்கார்ந்தார். "நீங்க எதுக்குங்க்கா?" என்றதற்கு, "நீங்க மட்டும் போனா அங்க போயி மறுக்காவும் யோசிப்பீங்க," என்றார்.

பொள்ளாச்சி ரோடு முழுக்க ஆடி நோம்பிக்கு மாமியார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளைகள், பின்னால் பட்டுச்சேலைப் பெண்களோடு, அவசரமே இல்லாமல் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவில்லை. அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது படித்துறை வரிசை வேப்பமரம்வரை நீண்டிருந்தது. படகு கரையில் இல்லை. நடுத்தண்ணீரில் இருந்தது.

அக்கா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். பேரிங் எண்ணுவதுபோல விரல் மடக்கி எண்ணினார். "பன்னெண்டு பேருங்க. பொட்டிமேல ரெண்டு கொழந்தைங்க." அதே சமயம் என்ஜின் சத்தம் நின்றது. பழுதில்லை. படகு ஓட்டுபவர் நடு அணையில் என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொள்ள விடுவார். மலை தெரியும், காற்று வரும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்வார். நிறுத்தி வைத்த சூடான என்ஜினுக்கு அடியில் அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன சேரும் என்று எனக்குத் தெரியும். கையேட்டில் படித்திருந்தேன். நான் கையை ஆட்டிக் கத்தினேன். படகில் இருந்தவர்கள் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்கள்.

நான் வேலை பார்த்த என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

ஒன்றும் ஆகவில்லை. படகு வளைந்து திரும்பி, நுரை கிளப்பிக்கொண்டு வந்து படித்துறையை உரசி நின்றது. பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சிறுமி, இறங்க மாட்டேன், இன்னொரு ரவுண்டு என்று அழுதாள். அவள் அப்பா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். "சூப்பரா ஓடுதுங்க சார்!" என்றார் படகு ஓட்டுபவர். நான் பெட்டி மூடியைத் தூக்கினேன். வாடை முகத்தில் அறைந்தது. பெட்ரோல் குழாயின் கிளிப் ஒன்று தளர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்திருந்தது. படகு ஓட்டுபவரும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சூப்பர் என்று சொல்லவில்லை.

எல்லாம் ஆறும்வரை மூடியைத் திறந்து போட்டுவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எடுத்தேன். அக்கா அதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று அது வெடித்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. இன்னும் நூறு சவாரி சும்மாவே ஓடியிருக்கலாம். அடுத்த சவாரியிலேயே முடிந்திருக்கலாம். நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. அந்த வசதியில்தான் நான் பதினைந்து வருஷமாக அதை எனக்குச் சாதகமாகச் சொல்லி வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். சல்லடை இல்லாத டிஸ்ட்ரிபியூட்டரை எந்தக் காரணம் கொண்டும் மாட்டக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே பென்சில் கோடு. என்னுடைய கோடுதான், ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருந்தேன்.

ஆனால் அதெல்லாம் ராத்திரி. படித்துறையில் அப்போது நடந்தது வேறு. சவாரி ரத்து என்று சொன்னதும் வேப்பமரம்வரை நின்ற வரிசை கொதித்தது. சகலை என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவரும் இந்தப் பத்திரிகை படிப்பவர்தான். அதைத் தாங்கிக்கொண்டேன். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள் ஒருவர், ஒரு கையில் சோற்றுத் தூக்கு, இன்னொரு கையில் இரண்டு பேரப்பிள்ளைகள், நேராக எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு மணி நேரமா வெயில்ல நிக்க வெச்சுப்போட்டு, நம்ம மொற வர்றப்பப் பாத்துக் கழட்டறீங்களே, மனுசங்களாடா நீங்க? நோம்பியும் அதுவுமா கொழந்தைங்கள ஏமாத்தறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

பின்னாலிருந்து ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எங்கள் வேனைக் காட்டி, கோயமுத்தூர்க்காரனுகளுக்கு ஒரு மோட்டாரைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆவி, கனம், பொறி, சல்லடை என்று எல்லாவற்றையும் அங்கேயே விளக்கிவிட வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்லிரலாங்க்கா," என்றேன். "விசயம் தெரியாம வையறாங்க."

அவர் அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். பேரப்பிள்ளைகள் அந்த அம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உடுங்க தம்பி, வையட்டும். வையறதுக்கு அத்தன பேரும் இருக்கறாங்கல்ல."